மகமை இல்லாத யாத்திரை

கானாடுகாத்தானின் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கட்டுக்கட்டாகக் கடந்துபோய்ப் பின்வாசலின் வெளிச்சம் தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரியும். வீடு இப்படிக் கண்ணுக்குத் தடையின்றித் திறந்து கிடப்பதை வெளியூர்க்காரர்கள் அழைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றில், இலக்கிய நண்பர்கள் பதினான்கு பேர் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு மதுரையிலிருந்து புறப்பட்டோம். காலையில் வேட்டங்குடிப் பறவைகள், மதியம் காரைக்குடியில் சாப்பாடு, பிற்பகல் கானாடுகாத்தான், மாலையில் ஆத்தங்குடி என்பது திட்டம். கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே போனோம். இரண்டாங்கட்டில் வயதான ஆச்சி ஒருவர் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வணக்கம் சொல்வதற்கு முன்பே எங்களில் ஒருவருடைய காமிரா சொடுக்கிவிட்டது. ஆச்சி நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊருலேருந்து வர்றீக? சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். பிறகு, "பாத்துட்டுப் போங்க. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க, மாடு வந்துரும்" என்றார்.

பார்த்தோம்; தூண்களைத் தட்டிப்பார்த்தோம்; போனோம். இரவு திரும்பும் வழியில் திருப்பத்தூரைத் தாண்டிய பிறகு ஒருவர் கேட்டார்: "அந்தக் கதவைச் சாத்தினோமா?" பதினான்கு பேரில் ஒருவருக்கும் நினைவில்லை.

தனியாளாகப் போயிருந்தால் கதவு நிச்சயம் சாத்தப்பட்டிருக்கும். கூட்டமாகப் போனதால் அந்தப் பொறுப்பு பதினான்காகப் பங்கு பிரிந்து, கடைசியில் எவர் கணக்கிலும் ஏறாமல் போனது. இக்கட்டுரை எழுதப்படுவதற்கு அந்தக் கதவே காரணம்.

*

'பொறுப்பான சுற்றுலா' என்கிற சொல்லாட்சி இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. 2002இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் வெளியிடப்பட்ட பிரகடனம் அதற்கு ஓர் உருவம் கொடுத்தது. வாழ்வதற்கு நல்ல இடமாக ஊரை ஆக்குவது முதல் வேலை, பார்ப்பதற்கு நல்ல இடமாக ஆக்குவது அதன்பின் என்பது அதன் சாரம். கேரளம் 2008இல் குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குமரகத்தில் ஊர்ப் பெண்கள் விளைவித்த காய்கறியை விடுதிகள் வாங்கவேண்டும் என்கிற ஏற்பாட்டில் பஞ்சாயத்தும் பங்குகொண்டது. ஆக, சொல்லில் குற்றமில்லை.

ஆனால் அந்தச் சொல் நம்மிடம் வந்து சேர்ந்த விதத்தைப் பாருங்கள். குளியலறையில் ஓர் அட்டை: துவாலையை மறுநாளும் பயன்படுத்திப் பூமியைக் காப்பாற்றுங்கள். வேனில் ஓர் அறிவிப்பு: பிளாஸ்டிக்கை வெளியே எறியாதீர்கள். பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: உள்ளூர்ப் பண்பாட்டை மதியுங்கள். பொறுப்பு என்பது இங்கே தனிமனிதரின் நல்லொழுக்கமாகச் சுருக்கப்பட்டுவிட்டது. பயணமோ கூட்டமாக நடக்கிறது. கூட்டத்துக்கு ஒழுக்கம் கிடையாது. ஏற்பாடு மட்டுமே உண்டு. ஏற்பாட்டில் இல்லாத எதையும் எந்தக் கூட்டமும் செய்வதில்லை. இதுவே நம் குற்றச்சாட்டு. இதை வெளிநாட்டுப் பயணியின்மீது சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வருகிற நம் கூட்டங்களும் அந்த வாசல்களில்தான் ஏறி இறங்குகின்றன.

கூட்டமாகப் பயணம் போவது எப்படி என்று கேப்டவுனிலிருந்து கற்றுக்கொள்ளவேண்டிய நிலையில் இந்த மண் இருந்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

*

நகரத்தார் பழநிக்குக் காவடி எடுத்து நடந்துபோகும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டு அளவுக்குப் பழமையானது. உப்பு வணிகத்துக்காகப் பழநிப் பக்கம் போனவர்களிடமிருந்து அது தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்க மானுடவியலாளர் டேவிட் ரட்னர் பழநி தொடர்பான பழைய ஆவணங்களை ஆராய்ந்து 1987இல் எழுதிய கட்டுரையில், உப்பு விற்பதும் முருகனுக்குக் கொடுப்பதும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருந்தன என்பதை விளக்கினார். விற்ற பொருளின் மதிப்பில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துவைத்துவிடுவார்கள். அதன் பெயர் மகமை. இலாபம் வந்தால் பார்க்கலாம் என்கிற நன்கொடை அன்று அது. கணக்குப் புத்தகத்திலேயே ஏறிவிட்ட கடமை.

இன்றைக்கும் தைப்பூசத்தையொட்டிக் காவடிகள் குன்றக்குடியில் ஒன்றுகூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழநிக்கு நடக்கின்றன. எந்த நாள் எந்த ஊரில் தங்குவது என்பது வரையறுக்கப்பட்டது. வழியிலுள்ள ஊர்களுக்கு இவர்கள் வரும் நாள் முன்பே தெரியும். போய்ச் சேர்ந்ததும் வண்டியேறிவிடாமல் காவடியோடு நடந்தே திரும்புகிறவர்களும் உண்டு. அவ்வளவு பெரிய கூட்டம் தன்னை நடத்திக்கொள்வது பக்தியால் மட்டும் என்று நாம் நினைக்கவில்லை; முறையால்தான். அதே பழநிச் சாலையில் பின்னாளில் பெருகிய, முறை எதுவும் இல்லாத கூட்டங்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் குப்பையைப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு விளங்கும்.

காசியை எடுத்துக்கொள்வோம். 1863இல் அங்கே நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் ஏற்பட்டது. தங்குவதற்கு இடம் கட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. விசுவநாதர் கோயிலின் அன்றாட வழிபாட்டுக்கான பொருட்கள் சத்திரத்திலிருந்து 'சம்போ' என்ற முழக்கத்தோடு நாள்தோறும் ஊர்வலமாகக் கொண்டுபோகப்படுகின்றன. பிறர் ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஊரில் தங்கள் பங்காக எதை வைப்பது என்பதை முதலில் எண்ணினார்கள். எதைப் பார்ப்பது, எதை எடுப்பது என்பதெல்லாம் அதன்பிறகுதான்.

இதையெல்லாம் சொல்வதால் பழம்பெருமை பேசுகிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். அடுத்த பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும்.

*

வணிகத்துக்காகக் கடல்கடந்து போவதைச் செட்டிநாட்டில் 'கொண்டுவிக்கப் போதல்' என்பார்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பர்மாவுக்குப் போனார்கள். பல இனங்களும் பல மொழிகளும் அடர்ந்த தேக்குக் காடுகளும் யானைகளும் நிறைந்த நாடு அது. இன்றைய சுற்றுலாப் பிரசுரம் வருணிக்க விரும்பும் நாடு எதுவோ அப்படிப்பட்ட நாடு. கீழ்பர்மாவின் நெல்விவசாயம் இவர்களுடைய லேவாதேவிக் கடனில் வளர்ந்தது. 1930இன் பெருமந்தத்தில் நெல்விலை விழுந்தபோது கடன் திரும்பவில்லை. ஈடாக இருந்த நிலம் கைமாறியது. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938 வாக்கில் 25 விழுக்காடாகிவிட்டது. நிலமிழந்த பர்மியரின் கோபமும் அதைத் தூண்டிவிட்ட அரசியலும் சேர்ந்து 1938இன் கலவரங்களுக்கு வழிவகுத்தன. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு. இந்தியர்கள் காடுகளின் வழியே நடந்தே தப்பினார்கள். 1948இல் நிலம் தேசவுடைமையாயிற்று.

கானாடுகாத்தானில் நாம் தட்டிப்பார்க்கிற தேக்குத்தூண் இந்தக் கதையின் ஓர் எழுத்து. ஆனால் வழிகாட்டி என்ன சொல்கிறார்? பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, சுவரில் முட்டை வெள்ளைக்கரு. முட்டையோடு வரலாறு முடிந்துவிடுகிறது. அந்தச் சுண்ணாம்பை அரைத்த கைகள் யாருடையவை, தேக்குக்குக் கொடுத்த பணம் எந்த வயலிலிருந்து வந்தது, ஆண்கள் மூன்று ஆண்டுத் தவணைகளில் கடல்கடந்திருந்த காலமெல்லாம் இந்தப் பெருவீட்டைக் கட்டியாண்ட பெண்கள் எப்படி நாளைக் கழித்தார்கள் என்கிற கேள்விகளுக்கு அரைமணி நேரச் சுற்றில் இடமில்லை. கேட்பாரும் இல்லை. 1912இல் கட்டப்பட்ட ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள், அவர் 1929இல் ஒரு பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தார் என்பதைக்கூட அறியாமல் திரும்புகிறார்கள்.

மகமை எடுத்துவைத்தவர்களும் பர்மாவில் நிலம் சேர்த்தவர்களும் ஒரே மக்களே. முறையோடு போனபோது ஊர் அவர்களை ஏற்றது. வரவு மட்டுமே கணக்காகிவிட்ட இடத்தில் அந்த நாடே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. கூட்டமாகப் பயணம் போகிற எவருக்கும் இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

*

நம்மை மறுப்பவர்கள் சொல்வது: "சுற்றுலா வந்ததால்தான் இந்த வீடுகள் நிற்கின்றன. வராவிட்டால் இடிந்திருக்கும்." இதில் பாதி உண்மை. பூட்டிக் கிடந்த சில வீடுகள் விடுதிகளாகி உயிர்பெற்றன. சமையற்காரருக்கும் தச்சருக்கும் கொத்தனாருக்கும் வேலை கிடைத்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றதில் அக்கறையுள்ள வெளியாரின் உழைப்பும் உண்டு. இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

மறுபாதி சொல்லப்படுவதில்லை. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். அவர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். திருமணத்துக்கும் படைப்புக்கும் கூடுகிறார்கள். ஓட்டை மாற்ற ஆகும் செலவில் ஒத்துப்போகாதவர்கள், வீட்டைப் பிரித்து விற்பதில் ஒருநாள் ஒத்துப்போய்விடுகிறார்கள். தூணுக்கு ஒரு விலை, நிலைக்கதவுக்கு ஒரு விலை, பீங்கான் ஜாடிக்கு ஒரு விலை. வாங்குகிறவர் யார்? பெருநகர உணவகத்துக்கும் பண்ணைவீட்டுக்கும் 'செட்டிநாட்டுத் தோற்றம்' வேண்டுகிறவர். அல்லது காலையில் வீடுகளைப் பார்த்து வியந்துவிட்டு மாலையில் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் ஏறுகிற அதே பயணி. வீட்டைப் பார்க்க வந்தவர் வீட்டின் ஒரு துண்டோடு திரும்புகிறார். நூறாண்டு கடந்த கலைவேலைப்பாடுள்ள பொருட்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி நாட்டைவிட்டு எளிதில் வெளியேற முடியாதவை. 1912இன் மரவேலையும் இன்று நூறாண்டைக் கடந்துவிட்டது. சட்டம் நாட்டெல்லையில் நிற்கிறது. வீட்டு வாசலில் நிற்பதில்லை.

இன்னொரு மறுப்பும் வரும்: "கட்டணத்தை உயர்த்திவிடுங்கள், கூட்டம் தானாகக் குறையும்." பூட்டான் 2022இல் வெளிநாட்டுப் பயணிக்கு ஓரிரவுக்கு 200 டாலர் என விதித்து, மறு ஆண்டே அதை 100 ஆகக் குறைத்தது. விலையை வேலியாக்கினால் வருவோர் குறைவார்கள், உண்மை; வருகிறவர்கள் பணக்காரர்களாக இருப்பார்கள் என்பதும் உண்மை. சிவகங்கையின் அரசுப் பள்ளி ஆசிரியர் தம் மாணவர்களை அழைத்துவந்து காட்டமுடியாத கானாடுகாத்தான் எங்களுக்கு வேண்டாம்.

இலக்கியவாதிகளாகிய நம் பங்கும் இதில் சிறியதன்று. சிதிலத்தின் அழகில் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. வெளவால் தொங்கும் வளவும் ஒற்றையில் வாழும் ஆச்சியும் நமக்கு உடனே கவிதையாகிவிடுகிறார்கள். அந்த ஆச்சிக்குத் தண்ணீர் வருகிறதா, பின்கட்டு ஒழுகுகிறதா என்று கேட்ட கவிதைகள் குறைவு.

*

அன்று காலை நாங்கள் போயிருந்த வேட்டங்குடிக்கு இப்போது வருவோம். கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும் சேர்ந்த அந்தக் கண்மாய்கள் 38.4 ஹெக்டேர் பரப்புள்ளவை. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பிய ஆண்டுகளில் நத்தைகுத்தி நாரையும் சாம்பல் நாரையும் பாம்புத்தாராவும் கரண்டிவாயனும் அங்கே நீரில் நிற்கும் மரங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. சுற்றியுள்ள சிற்றூர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகள் மிரண்டுவிடும் என்பதுதான் காரணம். வனத்துறை தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்பு வழங்குவதுண்டு. தங்கள் குழந்தைகளின் மத்தாப்பு ஆசையைக்கூட ஒரு பறவைக்காக அடக்கிக்கொண்ட ஊர் அது. அங்கே எங்கள் வேன் பாட்டைப் போட்டுக்கொண்டு போய் நின்றது. கரையில் நின்ற பெரியவர் ஒருவர் கையசைத்து அணைக்கச் சொன்னார். அவ்வளவு கூச்சமற்றிருந்தோம்.

இலங்கையின் தென்கிழக்கில் இதே வேறுபாட்டை இன்னும் பெரிய அளவில் காணலாம். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் நடந்துவந்து, உகந்தை முருகன் கோயிலைக் கடந்து, குமண, யால காடுகளுக்குள் நுழைகிறார்கள். பாதை திறக்கும் நாளும் மூடும் நாளும் குறிக்கப்பட்டவை. யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் காட்டில், அவற்றின் வீட்டில் நடக்கிறோம் என்கிற அச்சமே அவர்களுடைய முறை. அந்தக் கூட்டமும் ஆண்டுக்காண்டு பெருகிக் குப்பைச் சிக்கலைச் சந்திக்கிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் யாலவின் மறுபக்கத்து வாயிலைப் பாருங்கள். சிறுத்தை ஒன்று தென்பட்டதாகக் கைப்பேசியில் சேதி பறந்ததும் ஜீப்புகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போய் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. யாத்திரைக்காரருக்குக் காடு தாண்டவேண்டிய இடம்; ஜீப்புக்காரருக்கு அது காசுக்கு ஈடாக வாங்கவேண்டிய பொருள். காசு கொடுத்தாயிற்று, காட்டு என்கிற மனநிலை கானாடுகாத்தான் முகப்பில் ஏறும்போதும் நம்மோடு ஏறுகிறது.

*

ஆகவே நம் கோரிக்கை வெளியிலிருந்து இறக்குமதி ஆனதன்று. நகரத்தார் கோயில்களில் திருமணமான ஒவ்வொரு இணையும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. யாரும் கூட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. அந்தப் புள்ளிக் கணக்கையும் மகமையையும் ஊருக்கு வருகிற நம்மீதும் ஏற்றுங்கள் என்கிறோம்.

கானாடுகாத்தான் ஒரு பேரூராட்சி. வேனில் வரும் குழு எதுவானாலும் எத்தனை பேர், யார் பொறுப்பு என்று அங்கே பதிந்துவிட்டே தெருவுக்குள் நுழையட்டும். இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு: சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் மின்னனுமதி கட்டாயமாயிற்று, 2025 கோடையில் உதகைக்கு வார நாட்களில் 6000 வண்டி, வார இறுதியில் 8000 வண்டி என்று எண்ணிக்கையே வரையறுக்கப்பட்டது. மலைக்கு எண்ணத் தெரிந்தவர்களுக்குத் தெருவுக்கும் எண்ணத் தெரியும்.

தலைக்கு இவ்வளவு மகமை என்று ஊர் முடிவு செய்யட்டும். ஆசிரியரும் மாணவரும் தரக்கூடிய சிறு தொகையாக இருக்கட்டும். பெருவிடுதியில் தங்குகிறவரிடம் கூடுதலாகக் கொள்ளட்டும். வரவும் செலவும் பேரூராட்சிச் சுவரில் தமிழில் எழுதப்படட்டும். அந்தப் பணத்தில் ஊருணி தூர்வாரப்படட்டும். ஓட்டுக்கூரையின் மழைநீரை முற்றத்தில் வாங்கி ஊருணிக்கு அனுப்பத் தெரிந்த ஊர் இது. வறண்ட நிலத்தில் நீச்சல்குளம் வெட்டுகிறவர்கள் முதலில் ஊருணிக்குப் பதில் சொல்லட்டும். ஒரு பங்கு வேட்டங்குடிக்குப் போகட்டும். பட்டாசைத் துறந்த குழந்தைகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் இனிப்போடு தீராது.

பழைய தூணை வாங்காதிருப்போம். வாங்கும் ஆசை இருந்தால் ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துச் செய்கிற கைகள் இன்றும் இருக்கின்றன. கொட்டான் பின்னுகிற பெண்கள் இருக்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியை நெய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிக்கப்பட்ட வீட்டின் துண்டைவிட இவர்களுடைய புதுவேலை மதிப்புமிக்கது. வழிகாட்டிகள் முட்டையை விட்டுவிட்டுப் பர்மாவைச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் நாம் கேட்போம்.

இவற்றுள் எதையும் அரசாணைக்காகக் காத்திருந்து தொடங்கவேண்டியதில்லை. எங்கள் குழு இனி ஒரு பயணத்துக்குப் பத்துப் பேருக்குமேல் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். போவதற்கு முன் ஆளுக்கு ஒரு தொகை ஒதுக்கி, அது எந்த ஊருக்கு எதற்காக என்று நோட்டில் எழுதிவிட்டே வண்டி ஏறுவது. அழைக்காத வீட்டுக்குள் நுழைவதில்லை. கேட்காமல் யாரையும் படம் எடுப்பதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் கடைசி ஆளாக நடப்பார். எல்லாரும் வெளியேறிய பிறகு கதவைச் சாத்துவது அவர் வேலை. அவர் பெயரும் நோட்டில் இருக்கும்.